ஓரத்தில் ஒரு வெட்டு

எழுபத்தொன்று, ஆவணி.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
அன்றைக்கு எனக்கு அரைநாள் சம்பளம் போகும்.
ஏசி கம்ப்யூட்டருக்கு மட்டும்.
பக்கத்து அறையில் நாங்கள் ஆறு பெண்கள்
பேசின்பிரிட்ஜ் கரித்தூளைக் கர்சீப்பால் துடைத்தபடி
அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எண்பது பத்தி. அதற்குள் ஒரு ஆள்:
டோக்கன் நம்பர், வந்த நாள், வராத நாள், பிடித்தம்.
பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்தான்.
ஏ. முனிரத்தினம் அதில் நசுங்கி
முனிரத்தின் ஆகிவிட்டார்.

நான் தட்டியதை ஜைத்தூன் மறுபடி தட்டுவாள்,
தாளைப் பார்த்து, முதலிலிருந்து.
ஒத்துப்போனால் அட்டை ஓரத்தில்
நகக்கண் அளவு வெட்டு விழும்.
இல்லையென்றால் அவள் சாவிகள் பூட்டிக்கொள்ளும்,
சிவப்பு விளக்கு.
பிழை நுழைய வழியே இல்லை என்பார்
புரோகிராம் எழுதிய லாசரஸ் சார்.

ஸ்ட்ரைக் ஒன்பது நாள்.
வராத நாள் பத்தியில் எல்லோருக்கும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது.
2207 வந்தது.
தாளில் அவருக்கும் ஒன்பதுதான்.
அவர் மனைவி ஸ்டான்லியில் கிடப்பது
வார்டு நம்பரோடு எனக்குத் தெரியும்.
விரல் சுழியத்தில் விழுந்தது.
விழுந்ததா, போட்டேனா என்று
இன்றைக்கும் கேட்காதீர்கள்.

கட்டு ஜைத்தூனிடம் போனது.
அவள் மெஷின் எப்போது நிற்கும் என்று
முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.
நிற்கவில்லை.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன்.
2207. ஓரத்தில் வெட்டு, சுத்தமாக.
இரண்டு பேர் ஒன்றையே சொன்னால்
மெஷினைப் பொறுத்தவரை
அவர் ஒரு நாளும் லீவு போடவில்லை.

டீக்கடையில் ஜைத்தூன் கேட்டது
"பொறையா, பன்னா?" மட்டும்.