பள்ளி வேன் மஞ்சள்

ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த எட்வின்
மஸ்கட்டுக்குக் கிளம்புகிற வாரத்தில்
இரண்டாயிரத்து எண்ணூறுக்குத் தள்ளிவிட்டுப் போன கிட்டார்.
கழுத்து நேராக இருந்தது. அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் கறுப்பு,
கறுப்பின் மேல் சிகரெட் சுட்ட வடு,
வடுவை மறைக்க ஏதோ டயர் கம்பெனி ஸ்டிக்கர்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.
சிவதாபுரம் பட்டறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து
கொலுசுக்குச் சலங்கை கோர்க்கும் பூங்காவனம் கேட்டாள்:
"வாசிக்காதவளுக்கு அதை ஏன்டி பிரிச்சு மேயணும்?"
நாளைக்கு நாற்பது ஜோடி பற்றவைக்கிறோம்,
நீ எத்தனை போட்டுக்கொண்டாய் என்றேன்.
காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஹீட் கன்னை வாடகைக்கு எடுத்து
மொட்டை மாடியில் தோலுரித்தேன்.
கறுப்புக்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே
மரத்தின் ஓட்டையை அடைத்த பட்டி,
சுவருக்குப் பூசுகிற அதே பட்டி.
யாரோ எனக்கு முன்பே
அவசரத்தில் இருந்திருக்கிறார்கள்.

பற்றவைப்பது எனக்குப் புதிதா?
வெங்காரம் தடவி, ஊதுகுழல் தீயில்
வெள்ளி கண் விழிக்கும் நொடி
பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.
அந்தத் திமிரில்
வால்யூம் திருகின் முதுகில் சூட்டை வைத்தேன்,
உள்ளே ஏதோ உருகி
திருகு திருகாமல் நின்றுபோனது.
நூற்று இருபது ரூபாய்.
ஈயத்துக்கு வெள்ளியின் பொறுமை கிடையாது,
தொட்டதும் விட வேண்டும்.

நிறத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
இரும்பாலை ரோட்டில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் மாதப்பனிடம்
மீந்திருந்தது அதுதான்.
"ஸ்கூல் வேன் மஞ்சள், அரை டப்பா,
வேணும்னா 'குழந்தைகள் ஜாக்கிரதை'ன்னும் எழுதித் தரேன்."
டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் ஒழுங்காக உட்கார்ந்தது.
மேல் பூச்சுதான் படுத்தியது.
முதல் தரம் லாக்கர் அடித்த அரை மணியில்
கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி வெளுத்துவிட்டது.
காற்றில் ஈரம் என்றார் மாதப்பன், போனிலேயே.
அன்றிலிருந்து ஒரு கணக்கு:
காலையில் துணி காயப்போடும்போது வடக்கே பார்ப்பேன்.
சேர்வராயன் தலை தெரிந்தால் அடிக்கலாம்.
மேகம் முக்காடு போட்டிருந்தால்
டப்பாவை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போ.
ஆடி முடியும்வரை
மலை முகமே காட்டவில்லை.
ஊரெல்லாம் அதை ஏறிப் பார்க்கப் போகிறது,
நான் கீழே இருந்து
காய்கிறதா இல்லையா என்று பார்த்தேன்.

மூன்றாவது பூச்சில் ஒரு கொசு விழுந்தது.
எண்ணூறாம் நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து
தேய்த்தேன், தேய்த்தேன்.
உடம்பு போயிற்று, சிறகு போயிற்று.
ஒரு கால் மட்டும்
இன்னும் கொஞ்சம் தேய்த்தால் மஞ்சளும் போய்விடும் ஆழத்தில்.
இருந்துவிட்டுப் போகட்டும்.
வெயிலில் சாய்த்தால்தான் தெரியும்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு
எல்லாவற்றையும் பூட்டி
பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகினேன்.
ஒரே இரைச்சல்.
டியூப் லைட்டை அணைத்தேன், குறைந்தது.
ஃப்ரிட்ஜ் முனகியதும் ஏறியது.
வீட்டின் கரண்டெல்லாம்
அதன் வயிற்றில் வந்து பேசுகிறது போல.

கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
அடங்கியது.
எடுத்தேன், வந்தது.
வைத்தேன்.
என் உடம்பு வழியாக அது தரையைத் தேடிக்கொள்கிறது,
எர்த் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்,
என் பற்றவைப்பு பிழையில்லை.
உள்ளே செம்புத் தாள் ஒட்டினால்
கை வைக்காமலேயே அடங்கிவிடுமாம்.
முந்நூற்றைம்பது ரூபாய், தபால் செலவு தனி.

அடுத்த மாதம் பார்க்கலாம்.

கை மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு தடித்த கம்பியை ஒரு தரம் சுண்டினேன்.
என்ன சுரமோ தெரியாது.
கீழ் வீட்டில் யாரோ இருமினார்கள்.