மழை விழுந்த மங்கு

உரக்கடைக்கு மேல்மாடி எங்கள் ஆய்வகம்.
யூரியா மூட்டை இறக்கும்போதெல்லாம்
தராசின் கடைசி இலக்கம் நடுங்கும்;
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம்.
கீழே பாடாங் செராய்
செம்பனை லாரிகளுக்கு வழிவிட்டு
ஓரமாய் நிற்கும்.

நொதி ஒன்றை உடம்புக்குள் அனுப்ப வேண்டும்.
தனியே போனால் பாதி வழியிலேயே
வெட்டித் தின்றுவிடும் ரத்தம்.
அதற்கொரு உறை:
இரட்டைக் குணச் சங்கிலிகள்.
ஒரு பாதி தண்ணீரோடு கொஞ்சும்,
மறு பாதி நொதியின் மின்னூட்டத்தைக் கண்டதும்
போய் ஒட்டிக்கொள்ளும்.
யாரும் சொல்லாமல் தாமே வட்டம் கூடும்,
நொதி நடுவில்.
மிசெல் என்பார் டாக்டர் ஊய்.
ஹஸ்லிண்டாவுக்கு அது பந்து.
நான் குறிப்பேட்டில் எழுதியது
மாதிரி பதினேழு.

குடுவையில் அழகுதான்.
நாற்பத்திரண்டு நானோமீட்டர்,
காலையும் அதுவே, மாலையும் அதுவே.
ஆயிரம் மடங்கு நீர் சேர்த்து
ரத்தத்தின் உப்பையும் சேர்த்தோம்.
முகடு இருந்த இடத்தில்
தட்டைக் கோடு.
கூட்டம் கலைந்துவிட்டது,
நொதி நடுத்தெருவில்.

எனக்கு வியப்பில்லை.
ஒன்பது வருடம் பால் ஆலையில்
அம்மோனியா சோதித்தவள் நான்.
பால்மரத்துப் பாலும் இந்த ஜாதிதான்:
கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள்,
ஒவ்வொன்றுக்கும் புரதத்தில் ஒரு சட்டை.
மங்கில் மழை விழுந்த அன்று
கிராணியின் முகத்தைப் பார்க்க முடியாது.
தொட்டியில் அமிலம் பட்டாலோ கட்டிப்பால்.
தண்ணியாகவும் கூடாது, கட்டியாகவும் கூடாது,
அந்த நடுவிடத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

"கட்டித்தான் போடுங்களேன்" என்றேன்.
டாக்டர் ஊய் சிரிக்கவில்லை.
சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே கட்டினார்,
அறுபது விழுக்காடு.
நீரில், உப்பில்,
முப்பத்தேழு டிகிரியில் ஒரு வாரம்.
நாற்பத்தொன்று. அசையவே இல்லை.
அன்று அவர் செலவில் ரொட்டி சானாய்.

மறுநாள் நொதியைக் கேட்டோம், வேலை செய்வாயா என்று.
கொடுத்ததைத் தொடவில்லை அது.
நிறம் மாறவில்லை.
பிணத்தைப் பத்திரமாய்க் கொண்டுசேர்க்க
வண்டி ஒன்று செய்திருக்கிறோம்.
ரொட்டி சானாய் பற்றி
அதன்பின் யாரும் பேசவில்லை.

பிறகு கந்தகம்.
ஒவ்வொரு குறுக்குக் கட்டிலும்
இரண்டு கந்தக அணுக்கள் கை கோத்திருக்கும்.
ரத்தத்தில் அந்தப் பிடி விடாது.
உயிரணுவுக்குள் நுழைந்தால்
அங்கே குளுட்டாதயோன் மண்டிக் கிடக்கும்,
வந்து விரல் விரலாய்ப் பிரித்துவிடும்.
கந்தகம் இந்த ஊருக்குப் புதிதா?
டயரிலும் கையுறையிலும்
பாலை இறுக்கிப் பிடித்திருப்பது அதுதானே.
டயருக்கு அவிழத் தெரியாது, அவ்வளவுதான்.

மாதிரி முப்பத்தொன்று. கட்டு இருபது விழுக்காடு.
இன்றிரவு நான் மட்டும்.
தகரக் கூரையில் மழை ஆரம்பித்த நேரம்
உப்பு நீரில் நாற்பத்து நான்கு,
கொஞ்சம் உப்பியிருக்கிறது, உடையவில்லை.
குளுட்டாதயோன் ஒரு துளி.
அரை மணி நேரம்.
முகடு சரிந்தது.
சோதனைக் கரைசலை விட்டேன்.

மஞ்சள்.
ஆறிய தேநீர்க் கோப்பையின் விளிம்பில்
படிந்திருக்குமே, அத்தனை வெளிறிய மஞ்சள்.
கணக்குப்படி அறுபத்தொரு விழுக்காடு உயிர்.
மீதி எங்கே போயிற்று,
எனக்குத் தெரியாது.
மூன்று முறை பார்க்க வேண்டும்,
ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.
எந்தப் பிள்ளைக்கு இது என்று
டாக்டர் ஊய் சொன்னதில்லை,
நான் கேட்டதும் இல்லை.
எலிக்கே இன்னும் போகவில்லை.

ஹஸ்லிண்டாவின் குறுஞ்செய்தி: பந்து?
திறந்தது, என்று அனுப்பினேன்.
நாளை மறுபடி, என்றும் அனுப்பினேன்.

கீழே நேப்பாளத்துப் பையன்
யூரியா மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்து
முடிச்சுப் போடுகிறான்.
காற்றுக்கு அசையாது;
காலையில் ஒரே இழுப்பு.

மீதி மாதிரியை நான்கு டிகிரியில் வைத்தேன்.
புட்டியில் எழுதிய தேதி
ஈரத்தில் கரைந்து ஓடியது.
துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.