குடும்பப் பெயர்

பாஸ்போர்ட் அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
குடும்பப் பெயர் என்ன என்றார்.
எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை.
ஒரு இனிஷியல் இருந்தது,
விரித்துக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்
கோத்தகிரியில் பஸ் இறங்கி
ஜீப் கிடைக்காமல் நடந்தே வந்து
நான்காம் லயத்து வாசலில் மூச்சு வாங்கினார்.
"குடும்பத்துல யாராவது வெளிநாடு போயிருக்காங்களா?"
கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா
"நான் வந்திருக்கேன் சார்" என்றார்.
அவர் பேனா ஒரு கணம் நின்றது.
பிறகு "இல்லை" என்று எழுதிக்கொண்டது.

பதினாறு நாள். ஜப்பான்.
நிலச்சரிவு பற்றிய படிப்பு.
குளிரும் குளிரும் என்று சென்னைப் பிள்ளைகள்
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகத் திணித்துக்கொண்டார்கள்.
எங்கள் தை மாதத்துக்குக் கொஞ்சம் அக்கா, அவ்வளவுதான்.

முதல் நாள் காலை
முத்துக்கருப்பன் சான், முத்துக்கருப்பன் சான் என்று
யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அட்டையைக் காட்டித் தோளைத் தொட்ட பிறகுதான்
தவமலர் ஊரிலேயே நின்றுவிட்டது தெரிந்தது.
தென்காசிப் பையன் கதிரவனும்
அங்கே செல்லப்பாண்டியன் சான்.
இரண்டு அப்பாக்கள்
மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
மழையில் மலை ஏறினோம்.

அந்த மலைக்கு எண் இருந்தது.
வயிற்றின் குறுக்கே ஒரு கம்பி,
கம்பியின் முனையில் பெட்டி,
பெட்டிக்குள் ராத்திரி பகலாக ஒரு முள்.
மணிக்கு நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தால்
கீழே ஊரில் சங்கு ஊதும்,
எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்
என்றாள் பொறியாளர்ப் பெண்.
எங்களிடமும் சங்கு உண்டு.
காலையில் வேலைக்கு ஊதும்,
மாலையில் எடை போட ஊதும்.

இறங்கி வந்ததும் பாலும் சீனியும் இல்லாமல்
பச்சையாய் ஒரு தேநீர் தந்து
உங்கள் ஊரில் தேநீர் குடிப்பீர்களா என்று கேட்டாள்.
குடிப்போம் என்றேன்.
பறிப்போம் என்பதற்கு ஆங்கிலம் தெரியும்.
அம்மா நாளைக்கு எத்தனை கிலோ என்பதற்கும் தெரியும்.
ஏனோ சொல்லவில்லை.

இரும்புப் பெட்டியின் அடியில்
தாத்தாவின் பாஸ்போர்ட் இருக்கிறது.
எழுபத்து நாலு, தலைமன்னார் கப்பல்.
பிள்ளைகளுக்கென்று அதில் ஒரே ஒரு வரி:
ஆண், வயது ஆறு.
பெயர் எழுத இடம் போதவில்லையோ,
கேட்க நேரம் இல்லையோ.

திரும்பி வந்த அன்றிரவு சொன்னேன்.
உங்க பேரைச் சொல்லித்தான்பா எல்லாரும் கூப்பிட்டாங்க,
குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டு.
அப்பா வெகுநேரம் சிரித்தார்.
"நான் எப்படி இருந்தேன் அங்க?"
"ஹெல்மெட் பெருசா இருந்துச்சு.
மண்ணைப் பத்தி நல்லாப் பேசினீங்க."
"மழை?"
"இதே மழைதான்."

லயத்துக்குப் பின்னால்
குளியலறைச் சுவருக்கு மேலே
போன ஐப்பசியில் திறந்த விரிசல்.
அம்மா அதில் சாம்பல் கொட்டி மூடப் பார்க்கிறாள்.
மறுநாள் இரண்டு சில்வர் ஓக் குச்சிகளை
இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக அறைந்து
நடுவில் நைலான் கயிறு இழுத்துக் கட்டினேன்.
அப்பா டேப்பைப் பிடித்தார்.
நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
கல்லூரி நோட்டில் தேதி போட்டேன்.

"நாலு நகர்ந்தா?"
"சங்கு ஊதணும்."
"யாரு?"

தூறல் போட ஆரம்பித்தது.
ஜப்பான்காரர்கள் கொடுத்த தேயிலையை
அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை,
ரோஜாச் செடிக்குக் கொட்டியிருந்தாள்.
காலி டப்பாவுக்குள் அப்பா
இரண்டு கூழாங்கல்லைப் போட்டு
கயிற்றில் தொங்கவிட்டு
விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

மூன்றாம் லயத்து நாய் குரைத்தது.
"அதுவரைக்கும் கேக்குது" என்றார்.