சொரிமுத்து இருந்த இடம்

கோரைக்கு வளைவு தெரியாது.
ஆவன்னாவின் சுழியைப்
படிக்கட்டு மாதிரி இறக்கித்தான் கொண்டுவர வேண்டும்.
பத்தமடையில் நாங்கள்
எழுத்தைப் படுக்கவைத்து நெய்கிறோம்.
தறியில் இருக்கும்வரை
கழுத்தைச் சாய்த்தால்தான் மணப்பெண் யாரென்று தெரியும்.

ஆவுடையம்மாள்.
ஏழு எழுத்து, இரண்டு புள்ளி,
மூன்று நாள் கூலி.

முக்கூடல்காரம்மா அட்வான்ஸ் கொடுத்தபோதே
பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்தாள்:
பொண்ணு பேர் முதலில், மாப்பிள்ளை பேர் பிறகு,
நடுவில் ஒரு பூ.
என்ன பூ என்று கேட்டேன்.
ஏதாவது பூ, என்றாள்.

சொரிமுத்து.
ஆடி அமாவாசைக்குக் காரையார் போகிற வண்டிகள்
எங்கள் தெருமுனையில்தான் டீக்கு நிற்கும்.
கூரைமேல் சட்டி பானை, பின்னால் ஒரு கிடா,
ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டித் தூங்கும் பிள்ளைகள்.
"ஏல சொரிமுத்து" என்று ஒருத்தி கத்தினால்
பத்துப் பையன்கள் திரும்புவான்கள்.
அதில் ஒருவன் இவன் என்று வைத்துக்கொண்டேன்.
நெய்கிறவளுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

மைதீன் பாத்து கோரை கொடுக்க
நான் அச்சை இழுத்து அடித்தேன்.
சொ.
ரி.
மு.
த் முடிந்து புள்ளி வைக்கும் நேரம்
போன் அடித்தது.

"அக்கா, மாப்பிள்ளை பேரு மட்டும்
கொஞ்சம் மாத்தணும்."

கொஞ்சம்னா?

"மகாராஜன்."
ஒரு மூச்சு விட்டு,
"அதுவும் அஞ்சு எழுத்துதான்க்கா."

தேதி அதேதான். மண்டபமும் அதேதான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்,
சொல்லியிருந்தால் அதையும் நெய்திருப்பேன்.
என் கை அப்படி.

ஆற்றில் ஏழு நாள் ஊறி,
கத்தி முனையில் நாலாய்ப் பிளந்து,
சாயத்தில் சிவந்து வந்த கோரை
உள்ளே போகத்தான் பழகியிருக்கிறது,
திரும்பி வா என்றால் முரண்டு பிடிக்கும்.
முத்தை உருவினோம்.
ரியை உருவினோம்.
சொ மட்டும் ஒரு முழுப் பகல் எடுத்தது.
மைதீன் பாத்து பாதியில் கண்ணைத் துடைத்தாள்,
சாய நெடி லாத்தா, என்றாள்.
அவள் கதை எனக்குத் தெரியும்.
இங்கே அது வேண்டாம்.

பாவு நூலில் இளஞ்சிவப்பு நின்றுபோயிற்று.
ஈரத் துணியால் ஒற்றியும் போகவில்லை.
அதன்மேலேயே மகாராஜன் ஏறி உட்கார்ந்தான்.
ஜ-வுக்கு எத்தனை படிக்கட்டு, அல்லாவே.

பாய் வாங்க அம்மா வரவில்லை.
ஆவுடையம்மாளே வந்தாள்,
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு.
மீதிப் பணத்தை எண்ணி வைத்தாள்,
எல்லாம் நூறு ரூபாய்த் தாள்.
தன் பெயரைப் பார்க்கவில்லை.
பாயைப் புரட்டினாள்,
பின்பக்கத்தில் பெருவிரலை ஓட்டினாள்.
பூவைத் தாண்டிக் கொஞ்சம் போய்
நின்றது விரல்.

"இங்க தடிச்சிருக்கு."

"கோரை அப்படித்தாம்மா,
ரெண்டு மாசம் படுத்தா சரியாயிரும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவள் சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பாயைப் புடவை மாதிரி எட்டாக மடித்து
வண்டிச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.
"மூணாவதா ஒரு பேரு யாரும் சொல்லலையே?"

இல்லை, என்றேன்.

"சொன்னா போனை எடுக்காதீங்க."

உருவிப் போட்டது ஒரு பிடி மிச்சம் இருந்தது
தறிக்குப் பக்கத்தில்.
அத்தனை நாள் எனக்கு வராத வளைவெல்லாம்
அதற்குள் வந்திருந்தது.
மைதீன் பாத்து அதில் நாலை எடுத்து
முருங்கைக்கீரையைக் கட்டி
எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.