ஐந்தாம் வருட அழைப்பு

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி, பதிவேட்டு அறை.
கொழும்பு கேட்பது ஒன்றைத்தான்:
இருக்கிறாரா, இல்லையா.

பெருங்குடல், மலக்குடல்.
பழைய ஏட்டுக்காரரின் கோடு
கிணற்றுப் படி மாதிரி
விறுவிறென்று இறங்குகிறது.
பத்து வருடம் பிந்தியவர்களின் கோடு
கொஞ்சம் தயங்குகிறது.
அந்தத் தயக்கத்தை அளக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

அற்புதமலரின் இலக்கத்தை
ஓர் ஓட்டோக்காரர் எடுக்கிறார்:
"எங்கை வரவேணும்?"

ஒருவர் மகளிடம் போய்விட்டார்.
படிவத்தில் 'தொடர்பு அற்றது'.
சாவும் இல்லை, வாழ்வும் இல்லை,
ரொறன்ரோ.

புன்னாலைக்கட்டுவன் குணநாயகத்துக்கு
மூன்று தரம் அடித்தேன்.
நாலாம் தரம் வோட்டர்பம் இரைச்சல்,
அதற்கு மேலால் ஒரு கத்தல்:
"ஆர் பிள்ளை?
வெங்காயத்துக்குத் தண்ணி மாறுறன்.
பை இடுப்பிலைதான் கிடக்கு,
பழகிப்போச்சு.
செத்தால் சொல்லி அனுப்புறன், இப்ப வை!"

வைத்தேன்.
'உயிருடன்' கட்டத்தில் ஒரு சரி.
கையெழுத்து, திகதி.

நாடு முழுவதற்குமான கோடு
இந்த இடத்தில்
ஒரு மயிரிழை இறங்காமல் நிற்கும்,
பாத்தி வரம்பு மாதிரி.
அதில் கால் வைத்து
ஒரு மனிசன் மண்வெட்டியோடு நிற்பது
கொழும்புக்குத் தெரியாது.

அடுத்த இலக்கம்.
மணி போகிறது.