மீதிச் சில்லறை

தர்மபுரி ஜி.எச்., இயன்முறைப் பிரிவு.
மேசையில் பத்து ஒற்றை ரூபாய்.
"வலது கையால, அண்ணே" என்கிறாள் தஸ்லீமா.

இருபத்தாறு வருஷம்
ஓடும் பஸ்ஸில் விரலிடுக்கில் நோட்டுச் செருகி
எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த கை
காசைத் தள்ளுகிறது, எடுக்கவில்லை.

பிறகு ஊர்ப்பெயர்கள்.
"கிருஷ்ணகிரி... காவேரிப்பட்டினம்..."
வாய் கோணி நிற்கிறார்.
சொல்லப்போன என்னை
தஸ்லீமாவின் கண் அடக்குகிறது.
"தர்மபுரி."
காரிமங்கலமும் பெரியாம்பட்டியும்
நிறுத்தாமலே போய்விட்டன.

பதினெட்டாம் நாள்
மூன்று காசு டப்பாவுக்குள்.
நான்காவது என் காலடிக்கு உருண்டது.
எடுத்து நீட்டினேன்.
புருஷன்
பெண்டாட்டியைப் பார்க்கிற மாதிரி இல்லை அந்தப் பார்வை.
"எங்க போவணும்?"

தஸ்லீமா இப்போது தடுக்கவில்லை.

"காரிமங்கலம்
ஒண்ணு" என்றேன்.