மூன்றுக்கு அடுத்தது ஐந்து

கம்பெனி ஆண்டு விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல்.
ஸ்டோர் பார்க்கும் அஸ்மானுக்கு ஏர் ஃப்ரையர்,
எனக்கு ஓர் உறை. உள்ளே
கடலோரக் கட்டடங்களைச் சைக்கிளில் சுற்றிப்பார்க்க
ஓராள் சீட்டு.
மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.
அவன் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டான்.

ஞாயிறு காலை எட்டரை, தஞ்சோங் தோக்கோங்.
பிறையிலிருந்து கிளம்பி ஃபெர்ரி பிடித்து வந்திருந்தேன்.
ஆறு பேர், ஆறு மஞ்சள் தலைக்கவசம்.
எனக்குப் பழகிய நிறம்தான்,
வார் மட்டும் புதுசு.

வழிகாட்டி ஹனிஸாவுக்கு இருபத்தைந்து இருக்கும்.
ஓட்டிக்கொண்டே தோளுக்குமேல் பேசுவாள்:
பாதிச் சொல் காற்றுக்கு, பாதி எங்களுக்கு.
"இந்த இடத்தில் முன்பு மீன் நீந்தியது" என்றாள்.
எல்லாரும் கீழே பார்த்தோம்.
சிவப்புப் பூச்சு. வெள்ளை அம்புக்குறி.

முதல் வளைவு திரும்பியதும்
எதிரே நின்றது சி பிளாக்.
ஒன்பது வருடமாக, மாதம் இருமுறை,
அதன் தொண்டைக்குள் ஏறி இறங்குகிறவன் நான்.
வேன் அடித்தளத்தில் நிற்கும்.
சர்வீஸ் கதவு, குழி, ஏணி, நெற்றி விளக்கு.
எந்த மாடியில் தண்டவாளம் முனகும்,
எந்தக் கதவு மழைநாளில் மூடத் தயங்கும்
எல்லாம் தெரியும்.
அதற்கு ஒரு முகம் உண்டென்று தெரியாது.

வெள்ளைப் பால்கனிகள், ஒன்றின்மேல் ஒன்று
கொஞ்சம் விலகி, இன்னும் கொஞ்சம் விலகி,
சீட்டுக்கட்டைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டதுபோல.
"அலையை மனதில் வைத்து வரைந்தது" என்றாள்.
இருக்கலாம்.
உள்ளே அலையெல்லாம் கிடையாது.
நூல் பிடித்த நேர்கோடு.
கொஞ்சம் பிசகினாலும்
நடுராத்திரியில் எனக்குத்தான் போன் வரும்.

"முப்பத்தெட்டு மாடி."
ஈப்போவிலிருந்து வந்த பல் டாக்டர்
அண்ணாந்து பார்த்து
முப்பத்தெட்டையும் ஒப்புக்கொண்டார்.
நான் பேசாமல் இருந்திருக்கலாம்.
"முப்பத்து மூன்று" என்றது என் வாய்.

பெடல்கள் நின்றன.

சீனத்தில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஓசை.
அதனால் நாலு இல்லை, பதினாலு இல்லை,
இருபத்து நாலு, முப்பத்து நாலு இல்லை.
பதின்மூன்று வேறு யாருக்கோ பயந்து இல்லை.
பொத்தான் வரிசையில் மூன்றுக்கு அடுத்தது ஐந்து.
என் ஏணிக்கு அந்தக் கணக்கு தெரியாது,
அது மூன்றுக்கு அப்புறம் நான்கைத்தான் மிதிக்கும்.

ஹனிஸா போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.
"அப்போ முப்பத்தெட்டில் குடியிருக்கிறவர்?"
"முப்பத்து மூன்றின் காற்றுதான் வாங்குகிறார்."

படகுத்துறை. அங்கே ஒரு கலங்கரை விளக்கம்,
புத்தம்புதுசு, அழகுக்கு நட்டது.
அதன் பேச்சைக் கேட்டு
எந்தக் கப்பலும் திரும்பியதில்லையாம்.
மற்றவர்கள் படமெடுக்கப் போனார்கள்.
நான் கைப்பிடிக் கம்பியருகே சைக்கிளைச் சாய்த்தேன்.

போன நவம்பர் மின்தடையில்
இதே சி பிளாக்கில், இருபத்தொன்றுக்கு மேலே
ஒரு பெண் மாட்டிக்கொண்டாள்.
நாற்பது நிமிடம். கதவுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவள் மூச்சு.
பேசிக்கொண்டே இருங்கள் என்றாள், தமிழில்.
என்ன பேசுவது?
வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டாள்.
தாழ்வாரம், தீயணைப்புக் குழாய், என் கருவிப்பெட்டி.
"கடலும்மா" என்றேன்.
"ரொம்ப அமைதியா இருக்கு."
கதவு திறந்தபோது மேற்பார்வையாளர் கூப்பிட்டார்,
இறங்கிப் போய்விட்டேன். அவள் முகமும் பார்க்கவில்லை.

இப்போது பார்க்கிறேன், கடலை.
சேற்று நிறம். தூரத்தில் மணல் அள்ளும் கப்பல்
பசித்த எருமை மாதிரி இரைகிறது.
கற்களில் முட்டி முட்டி
ஒரு செருப்பும் நெகிழிப் புட்டியும்.
அமைதி என்று
இதை யாரும் சொல்லமாட்டார்கள்.
பால்கனிகளை அண்ணாந்து பார்த்தேன்.
இருபத்திரண்டில் யாரோ துணி உலர்த்துகிறார்கள்.
அதாவது பத்தொன்பதில்.

மணியடித்தாள் ஹனிஸா. அடுத்து டி பிளாக்.
போகிறபோக்கில் என்னைத் திரும்பிப் பார்த்து
எத்தனை மாடி என்றோ என்னவோ கேட்டாள்,
காற்று பாதியை எடுத்துக்கொண்டது.
ஒரு கையை விட்டு எண்ணத் தொடங்கினேன்.
சைக்கிள் ஆடியது.